மாமியார் தரும் வீடு, பக்கத்து வயல்: ஜாவா கிராமத்தில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி: நான் இந்தியக் குடிமகன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. மனைவி இந்தோனேசியர்; மத்திய ஜாவாவில் தெமங்குங் மாவட்டத்துக் கிராமம். நான்கு ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலேயே பதிவுத் திருமணம் செய்தோம். ஒரு மகள். மாமியார், தான் குடியிருக்கும் வீட்டையும் மனையையும் என் மனைவி பெயருக்கு எழுதித் தர ஆசைப்படுகிறார். அதை ஒட்டிய வயலும் குறைந்த விலைக்கு வருகிறது. அதற்கு நில உரிமைச் சான்றிதழ் இல்லை, ஊர்ப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்கிறார்கள். வயலில் புதிதாக வீடு கட்டி, இரண்டு ஆண்டுகளில் குடியேறத் திட்டம். என் சேமிப்பு முழுவதையும் அதில் போடலாமா? என் பெயர் பத்திரத்தில் வருமா? அந்த ஊரில் என்னால் வாழ முடியுமா?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு நிலங்கள் இருக்கின்றன. மாமியார் தரும் மனை ஏறக்குறையப் பாதுகாப்பானது. பக்கத்து வயல் இன்றைய நிலையில் ஆபத்தானது. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று உறவினர்கள் அவசரப்படுத்தலாம். தயவுசெய்து பிரித்துப் பாருங்கள்.

முதலில் அடிப்படை. இந்தோனேசியாவில் நிலம் தொடர்பான எல்லாமே 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் நிலச் சட்டத்தில் தொடங்குகின்றன. முழு உரிமை, அவர்கள் மொழியில் ஹக் மிலிக், இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவர் பெயரில் அது வரவே வராது. நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவருக்குக் கைமாற்றினால் அந்தப் பரிமாற்றமே செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்று சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் மைத்துனர் பெயரிலோ நண்பர் பெயரிலோ வாங்கி வைத்துக்கொள்ளும் யோசனையை யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அப்படி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். மைத்துனர் நல்லவர்தான், ஏமாற்றவில்லை. ஆனால் திடீரென்று இறந்துபோனார். நிலம் அவருடைய மனைவி மக்களுக்குப் போனது. பணம் போட்டவர் மைத்துனரிடம் எழுதி வாங்கியிருந்த கடன் பத்திரத்தை வைத்து வழக்குப் போடக்கூட வழக்கறிஞர் முன்வரவில்லை.

வெளிநாட்டவருக்கென்று ஹக் பாகாய் என்ற பயன்பாட்டு உரிமை இருக்கிறது. வசிப்பு அனுமதி உள்ளவர் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலையை அரசு நிர்ணயித்திருக்கிறது. கிராமத்து வீடு எதுவும் அந்த விலைக்குப் பக்கத்தில் வராது. ஆகவே உங்கள் விஷயத்தில் எல்லாம் மனைவி பெயரில்தான். அவர் பெயரில் எப்படி வருகிறது என்பதில்தான் சூட்சுமம்.

1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 35ஆம் பிரிவைப் பாருங்கள். திருமணத்துக்குப் பிறகு சம்பாதிக்கும் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது. பரிசாகவோ வாரிசாகவோ வருவது அவரவருக்கே சொந்தம். மாமியார் ஹிபா, அதாவது தானப் பத்திரம், எழுதித் தந்தால் அது உங்கள் மனைவியின் தனிச் சொத்து. உங்களுக்கு அதில் பங்கு இல்லை, அதனால் சட்டச் சிக்கலும் இல்லை. வயலை உங்கள் சேமிப்பில் வாங்கினாலோ அது பொதுச் சொத்து. பாதி வெளிநாட்டவருடையது என்று ஆகிவிடும். அந்த நிலையில் மனைவியின் ஹக் மிலிக்கே ஆட்டம் காணும். ஓர் ஆண்டுக்குள் கைவிட வேண்டும் என்ற விதி குறுக்கே வரும்.

இதற்கு மருந்து, சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம். முன்பு இதைத் திருமணத்துக்கு முன்னால்தான் செய்ய முடியும் என்றிருந்தது. அது தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு, சொந்த நாட்டிலேயே ஒரு குடியிருப்பு வாங்க முடியாமல் தவித்த இந்தோனேசியப் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில்தான் 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், திருமணமான பிறகும் எப்போது வேண்டுமானாலும் இந்த ஒப்பந்தத்தைச் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பெரிய வரம். நோட்டரியிடம் எழுதி, திருமணம் பதிவான அலுவலகத்தில் பதிய வேண்டும். உங்கள் திருமணம் சிங்கப்பூரில் நடந்ததால், அதை முதலில் இந்தோனேசியக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இல்லாமல் ஒப்பந்தத்தைப் பதிய இடமே இருக்காது. முதலில் திருமணப் பதிவு, அப்புறம் ஒப்பந்தம், அப்புறம்தான் நிலம். இந்த வரிசை மாறவே கூடாது. தானமாக வரும் மனைக்குக் கூட நில அலுவலர்கள் இந்த ஒப்பந்தத்தைக் கேட்பதுண்டு. வைத்திருப்பது நல்லது.

இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் வீடும் நிலமும் முழுக்க மனைவியுடையதாகிவிடும். நாளை மனத்தாங்கல் வந்தால் உங்களுக்கு எதுவும் மிஞ்சாது. அதைத் தெரிந்துதான் கையெழுத்திட வேண்டும். சேமிப்பு முழுவதையும் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். வீட்டைச் செப்பனிட ஆகும் பணத்தைப் போடுங்கள்; மீதியை உங்கள் பெயரில் வெளியே வைத்திருங்கள்.

மாமியாரின் தானப் பத்திரத்துக்கு மனைவியின் உடன்பிறப்புகள் எல்லோரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். ஜாவா கிராமங்களில் பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு வீடு போவது பரவலான வழக்கம். பெரும்பாலும் அது கடைசிப் பிள்ளை. உங்கள் மனைவி வெளிநாட்டில் இருக்கும்போது வீடு அவருக்குப் போவதில் கூடப் பிறந்தவர்களுக்கு வருத்தம் இருக்கலாம். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். ஜாவாக்காரர் நேருக்கு நேர் ‘இல்லை’ என்று சொல்வது அபூர்வம். ‘பார்க்கலாம்’ என்று சிரித்தால் அங்கே மறுப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியை நேரில் அனுப்பி ஒவ்வொருவரிடமும் பேசச் சொல்லுங்கள். வாட்சாப்பில் முடிக்கிற காரியம் இல்லை.

இனி அந்த வயல். ஊர்ப் பதிவேடு என்று அவர்கள் சொல்வது ‘லெட்டர் சே’. டச்சுக்காரர் காலத்து நிலவரிக் கணக்கிலிருந்து வந்தது. ஊர் அலுவலக அலமாரியில் தடிமனான புத்தகமாக இருக்கும். ஓரம் கரைந்த தாளில் தாத்தா பெயர், பரப்பு, வரி வகுப்பு. அதை உரிமைப் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் வரும் வரிச்சீட்டும் அப்படித்தான். நம் ஊரில் கிஸ்தி ரசீதைக் காட்டி நிலம் என்னுடையது என்று சொல்வது போல. 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசு ஒழுங்குமுறை இந்தப் பழைய ஆவணங்களைப் பதிவு செய்ய ஐந்தாண்டுக் கெடு வைத்தது. 2026 பிப்ரவரி வரைதான் அவை உரிமைச் சான்றாக நிற்கும் காலம். அதற்குமேல் விசாரணைக்கு ஒரு துப்பு, அவ்வளவுதான். நிலம் பறிபோகாது. ஆனால் விற்பவர் முதலில் தன் பெயரில் சான்றிதழ் எடுக்கட்டும். ஊர் முழுவதையும் அளந்து சான்றிதழ் தரும் அரசுத் திட்டம் 2017 முதல் நடக்கிறது. அதில் அவர் ஊர் வந்திருக்கிறதா என்று ஊர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். சான்றிதழ் வந்த பிறகு விலை ஏறும். ஏறட்டும்.

இன்னும் இரண்டு முட்டுக்கட்டைகள். ஒன்று, விவசாய நிலத்தின் சொந்தக்காரர் அதே வட்டத்திலோ அடுத்த வட்டத்திலோ வசிக்க வேண்டும் என்ற 1961ஆம் ஆண்டு விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் மனைவி சிங்கப்பூரில் இருக்கும்வரை அவர் அந்த வயலை வாங்குவது சரியாகாது. இரண்டு, வயலில் வீடு கட்ட முடியுமா என்பது. உணவுப் பயிர் நிலத்தைக் காக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அடங்கும் வயலில் வீடு கட்டவே கூடாது. ஊர்க்காரர்கள் இதைப் பச்சை மண்டலம், மஞ்சள் மண்டலம் என்று சொல்வார்கள். வரைபடத்தில் நெல் வயல் பச்சை, குடியிருப்பு மஞ்சள். பச்சையில் ஏற்கெனவே நாலு வீடு நிற்கிறதே என்று காட்டுவார்கள். அந்த நாலு வீட்டுக்கும் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்த விலைக்கான காரணமும் பெரும்பாலும் இந்தப் பச்சைதான்.

இன்னொன்று: அது பெங்கோக் நிலமாக இருந்துவிடக் கூடாது. ஊர்த் தலைவருக்கும் அலுவலர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக உழுதுகொள்ளக் கொடுக்கும் ஊர்ச் சொத்து அது. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு விடலாம், விற்க முடியாது. ஒருவர் இருபது வருஷம் உழுகிற நிலத்தைப் பார்த்து அவருடையது என்றே ஊர் பேசும்.

எந்த நிலமானாலும் எல்லையை நடந்து பாருங்கள். ஜாவாவில் எல்லைக்கு அண்டோங் என்ற செடியை நடுவார்கள். இலை நீண்டு கருஞ்சிவப்பாக இருக்கும். வெட்டினாலும் துளிர்க்கும், வேர் பரவாது, நகராது. வயல் வரப்பு ஒவ்வொரு உழவிலும் ஒரு சாண் நகரும், அண்டோங் நின்ற இடத்தில் நிற்கும். நான்கு மூலையிலும் அதைத் தேடுங்கள். ஒரு மூலையில் மட்டும் செடி இளசாக இருந்தால் யார் எப்போது நட்டார்கள் என்று பக்கத்து நிலத்துக்காரரிடமே கேளுங்கள். அளவை நாளில் அந்த நான்கு அண்டை நிலத்துக்காரர்களும் வந்து நின்று கையெழுத்திட வேண்டும். நான் பார்த்த தகராறுகளில் பாதி, அந்த நாளில் வராத ஒருவரால் வந்தவை.

என் யோசனை இதுதான்: வயலை இப்போது வாங்காதீர்கள். மனையில் இருக்கும் வீட்டையே பெரிதாக்குங்கள். குடியேறி, மனைவியின் அடையாள அட்டை அந்த ஊருக்கு மாறிய பிறகு, வயல் சான்றிதழோடு விலைக்கு இருந்தால் நெல் விளைவிக்க வாங்குங்கள். அதுவரை குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாங்கும்போது அரசு நியமித்த நிலப்பத்திர அலுவலர் முன்னால்தான் கிரயம். அவர் நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்த்த பிறகுதான் பணம். வாங்குபவர் வரி அதிகபட்சம் 5 சதவீதம், விற்பவர் வரி 2.5 சதவீதம். ‘வரி எல்லாம் உங்கள் பொறுப்பு’ என்று விலையோடு சேர்த்துச் சொல்வார்கள், முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு ஏதாவது ஆனால்? நிலம் வாரிசாக உங்களுக்கு வந்தால் ஓர் ஆண்டுக்குள் கைமாற்ற வேண்டும். மகள் இந்தோனேசியக் குடிமகளாக இருந்தால் அவளே வைத்துக்கொள்ளலாம். 2006ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி கலப்புத் திருமணப் பிள்ளைகள் 18 வயதுக்குப் பிறகு, 21க்குள் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த முடிவோடு இந்த வீடும் பிணைந்திருக்கிறது. மனைவியும் வெளிநாட்டில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இருந்தால் தூதரகத்தில் தன் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்வதாகத் தெரிவித்துவிட வேண்டும். இதைப் பலர் மறந்துபோகிறார்கள்.

உங்களுக்கான அனுமதி எளிது. மனைவியின் உத்தரவாதத்தில் கித்தாஸ் என்ற வசிப்பு அனுமதி. திருமணமாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் நிரந்தர அனுமதிக்கும் பின்னர் விண்ணப்பிக்கலாம். திருமண வழியில் அனுமதி பெற்றவர் குடும்பத்தைக் காக்கத் தொழில் செய்யக் குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது. பார்க்கப் போகும்போது வருகை விசா 30 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம். நாள் தவறினால் ஒரு நாளுக்கு பத்து லட்சம் ரூப்பியா அபராதம்.

போக்குவரத்துதான் கொஞ்சம் சிரமம். தெமங்குங்குக்கு ரயில் இல்லை. யோக்யகர்த்தாவின் புதிய விமான நிலையம் குலோன் ப்ரோகோவில், கடற்கரையோரம் இருக்கிறது. அங்கிருந்து மகெலாங் வழியாக மலையேற மூன்று மணி நேரம் எடுத்து வையுங்கள். ‘ட்ராவல்’ என்று அவர்கள் சொல்லும் சிறு வேன்கள் வீட்டு வாசலில் இறக்கிவிடும். நகரத்தில் பழகிய கைப்பேசி வண்டிச் சேவை கிராமத்துக்கு வராது. மோட்டார் சைக்கிள் இல்லாமல் வாழ முடியாது. வசிப்பு அனுமதி வந்ததும் உள்ளூர் ஓட்டுநர் உரிமம் எடுங்கள். நோன்புப் பெருநாள் சமயத்தில் ஜாவா முழுவதும் ஊர் திரும்பும். அந்த இரண்டு வாரங்களில் பயணம் வைக்காதீர்கள், வைத்தால் மாதங்களுக்கு முன்பே சீட்டு எடுங்கள்.

அங்கே வாழ முடியுமா என்று கடைசியாகக் கேட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய கேள்வி. சும்பிங், சிந்தோரோ என்று 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த இரண்டு எரிமலைகளின் சரிவு அது. புகையிலை ஊர். ஆகஸ்ட், செப்டம்பரில் வீட்டு முற்றம், சாலையோரம் எங்கும் மூங்கில் தட்டிகளில் நறுக்கிய புகையிலை காயும். அந்த ஆண்டு விலை நன்றாக இருந்தால் கல்யாணங்கள் வரிசையாக வரும். கல்யாணத்துக்கெல்லாம் உறையில் பணம் வைத்துப் போக வேண்டும், அதை ஒரு மாதச் செலவாகவே எழுதி வையுங்கள். இரவில் நன்றாகக் குளிரும். மின்சாரம் முன்பணம் கட்டும் மீட்டர். கடையில் 20 இலக்க எண் வாங்கி அழுத்த வேண்டும். பழைய வீடுகளில் 450 அல்லது 900 வாட் அளவுக்குத்தான் இணைப்பு, வெந்நீர்க் கருவி போட்டால் மின்சாரம் நின்றுவிடும். 3 கிலோ பச்சை சிலிண்டர் ஏழைகளுக்கான மானியம், அதை நீங்கள் வாங்காதீர்கள்.

போனவுடன் முதல் வேலை, பாக் எர்தேயைப் பார்ப்பது. தெருத் தலைவர் அவர். வெளியூர் ஆள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தெருமுனையிலேயே பலகை இருக்கும். அது வெறும் சட்டத்துக்காக இல்லை, நீங்கள் யார் என்று ஊருக்குச் சொல்லும் வழி.

வீட்டின் முன்சுவரில் ஒரு சின்னக் குவளை தொங்கும். கவனியுங்கள். ஒவ்வொரு இரவும் வீட்டுக்காரர் அதில் ஒரு பிடி அரிசி போடுவது வழக்கம். இப்போது பல ஊர்களில் சில்லறைக் காசு. நள்ளிரவில் காவல் சுற்றுகிறவர்கள் வீடுவீடாக வந்து சேகரிப்பார்கள். இதற்கு ஜிம்பித்தான் என்று பெயர். சேர்ந்த பணம் தெருவிளக்குக்கோ, யாராவது மருத்துவமனையில் கிடந்தால் அவருக்கோ போகும். காசு சொற்பம். ஆனால் குவளை தொடர்ந்து காலியாக இருந்தால், அந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று மறுநாள் யாராவது கதவைத் தட்டுவார்கள். நீங்கள் சிங்கப்பூரில் இருக்கும் இந்த இரண்டு ஆண்டும் மாமியார் வீட்டுக் குவளையில் காசு விழ ஏற்பாடு செய்யுங்கள். லீவில் போகும்போது காவல் முறை வந்தால் நீங்களே தடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். மொழி வராவிட்டாலும் பரவாயில்லை, ‘நுவுன் செவு’ என்று குனிந்து மன்னிப்புக் கேட்டபடி பெரியவர்கள் முன்னால் கடந்து போகத் தெரிந்தால் போதும். நாளைக்கு எல்லை அளக்கும் நாளில் வந்து நின்று கையெழுத்திடப் போகிறவர்கள், அந்தக் காவல் கொட்டகையில் உங்களோடு காப்பி குடிக்கிற அதே ஆட்கள்தான்.