கறுப்பு பியரில் கேக் மணம்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் இம்பீரியல் ஸ்டவுட் என்னும் கறுப்பு பியரைப் பற்றி இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே, இனிப்புப் பண்டங்களின் சுவையில் தயாரிக்கப்படும் ஸ்டவுட் வகையைப் பற்றியே கேட்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சிகாகோவில் இருக்கும் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவனுடைய நண்பர்கள் ஒரே ஒரு பியர் டப்பாவைத் திறந்து ஆறு பேர் பங்கிட்டுக் கொண்டார்கள். எனக்கும் ஒரு வாய் தந்தார்கள். நிறம் தார் போல இருந்தது. சுவையோ சாக்லேட் கேக்கைக் கரைத்துக் குடித்தது போல இருந்தது. "பேஸ்ட்ரி ஸ்டவுட்" என்று பெயர் சொன்னார்கள். நான் அறிந்த பியருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதைப் பியர் என்பது சரிதானா ஐயா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சரிதான். முளைகட்டி உலர்த்திய பார்லி, தண்ணீர், கசப்புத் தரும் ஹாப்ஸ் என்ற பூ, ஈஸ்ட் ஆகிய நான்கும்தான் அதற்கும் அடிப்படை. உறவு இல்லை என்கிறீர்கள். ஆனால் அதன் குலம் பழையது. 18ஆம் நூற்றாண்டில் லண்டன் நகரத்துக் கூலித் தொழிலாளர்கள் குடித்த போர்ட்டர் என்னும் கரும்பழுப்புப் பியரின் வலுவான வடிவத்துக்கு ஸ்டவுட் என்று பெயர். அதிலும் மிக வலுவானதை லண்டனின் சதர்க் பகுதியிலிருந்த திரேல் ஆலை ரஷ்யாவுக்கு அனுப்பியது. அது ரஷ்யப் பேரரசிக்கென்றே காய்ச்சப்படுவதாகவும் ஏழு ஆண்டுகள் கெடாமல் இருக்கும் என்றும் ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியர் 1796ஆம் ஆண்டு தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். "இம்பீரியல்" என்ற அடைமொழி அந்த அரசவைத் தொடர்பால் வந்தது.

உங்கள் மகன் வசிக்கும் சிகாகோவுக்கும் இக்கதையில் பெரிய பங்கு உண்டு. 1990களில் அந்நகரின் கூஸ் ஐலண்டு ஆலை, போர்பன் விஸ்கி இருந்த பீப்பாய்களில் இம்பீரியல் ஸ்டவுட்டை ஊற்றி மாதக்கணக்கில் வைத்தது. போர்பனை உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் மரக்கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம் என்பதால், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் விஸ்கி ஆலைகளிலிருந்து தொடர்ந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்த மரத்திலிருந்து வெனிலா மணமும் தேங்காய் மணமும் பியரில் இறங்கின. வெனிலாவையோ தேங்காயையோ யாரும் சேர்க்கவில்லை, மரமே தந்தது. அந்த மணங்களை நேரடியாகவே சேர்த்தால் என்ன என்று அடுத்து வந்தவர்கள் நினைத்தார்கள். ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பாவில் சிகார் சிட்டி ஆலை கோக்கோ, வெனிலா, இலவங்கப்பட்டை, இருவகை உலர்ந்த மெக்சிகோ மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்து ஹுனாபு என்ற ஸ்டவுட்டைக் காய்ச்சியது. அதே ஊரின் ஆங்க்ரி சேர் ஆலை, ஜெர்மன் சாக்லேட் கேக்கின் பெயரிலேயே ஒன்றைக் கொண்டுவந்தது. (அந்தக் கேக்குக்கும் ஜெர்மனி நாட்டுக்கும் தொடர்பில்லை, 1852இல் சமையலுக்கான இனிப்புச் சாக்லேட் ஒன்றை உருவாக்கிய சாமுவேல் ஜெர்மன் என்பவரின் பெயர் அது.) பேஸ்ட்ரி ஸ்டவுட் என்பது கிண்டலாகத் தொடங்கிய பெயர். இன்று ஆலைகளே அதைப் பெருமையாக டப்பாவில் அச்சிடுகின்றன.

ஆகவே பியர்தானா என்பதைவிட, அந்தப் பண்டத்தின் பெயரை நீக்கிவிட்டாலும் அது நல்ல பியராக நிற்குமா என்று கேட்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரபான இம்பீரியல் ஸ்டவுட்டில் ஹாப்ஸின் கசப்பும் கருக வறுத்த தானியத்தின் கசப்பும் இனிப்பை இழுத்துப் பிடித்திருக்கும். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், நொதித்து முடிந்தபின், மீந்து நிற்கும் சர்க்கரையால் அதன் அடர்த்தி பெரும்பாலும் 1.018 முதல் 1.030 வரை நிற்கும். இனிப்புப் பண்ட வகைகளில் அது 1.040ஐத் தாண்டுவது வழக்கம். சாதாரண கோலா பானத்தின் அடர்த்தியும் ஏறக்குறைய அந்த அளவுதான். அவ்வளவு கனத்தைச் சுமக்கக் கசப்பு போதவில்லையென்றால் முதல் வாய் வியப்பாகவும் மூன்றாம் வாய் திகட்டலாகவும் முடியும். உங்களுக்கு ஒரு வாயோடு போதும் என்று தோன்றியிருந்தால், குறை உங்கள் நாக்கில் இல்லை.

கேள்வி: இங்கிலாந்தில் நான் வாங்கிய ஒரு ஸ்டவுட்டின் பெயர் "வேர்க்கடலை வெண்ணெய் பிஸ்கட்". அதில் கடலையும் இல்லை, வெண்ணெயும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். அப்படியானால் அந்த மணம் எங்கிருந்து வருகிறது?
— ஒரு வாசகி, லண்டன்

பதில்: நண்பர் சொல்வது உண்மை. டார்பிஷயரின் பக்ஸ்டன் ஆலையும் ஸ்டாக்ஹோமின் ஆம்னிபோலோவும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட யெல்லோ பெல்லி என்ற ஸ்டவுட் அது. அதில் இம்மூன்றும் இல்லை என்பதைத் தயாரித்தவர்களே சொல்லித்தான் விற்றார்கள்.

இதைப் புரிந்துகொள்ள, நம் வீட்டுப் பாயசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் இனிப்பானதன்று, கடித்தால் காரமும் துவர்ப்புமாக இருக்கும். ஆனாலும் அடுப்படியிலிருந்து ஏலக்காய் மணம் வந்தவுடனேயே இனிப்பு ஏதோ தயாராகிறது என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. வெனிலாவும் அப்படித்தான். அதைத் தனியாக நாக்கில் வைத்தால் கசக்கும். ஆனால் வாழ்நாள் முழுவதும் ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் அதை முகர்ந்தே பழகியவருக்கு அதன் மணமே இனிப்பாகிவிடுகிறது. இனிப்பு நாக்கில் நிகழ்வது. இனிப்புப் பண்டத்தின் அடையாளம் மூக்கில் நிகழ்வது. இந்த வகை ஸ்டவுட்டைக் காய்ச்சுபவரின் திறமை முழுவதும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

வறுபடும்போது பார்லியில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1817இல் லண்டனில் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பது போலச் சுழலும் இரும்பு உருளையில் முளைப்பார்லியைக் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கரியாகாமல் கருநிறம் வரும்வரை வறுக்க முடிந்தது அதன்பின்தான். சூட்டில் தானியத்தின் சர்க்கரையும் புரதக் கூறுகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து புதிய மணங்களை உண்டாக்குகின்றன. தோசையின் விளிம்பு முறுகும்போதும், வேர்க்கடலை வறுபடும்போதும், கோக்கோவும் காப்பியும் வறுபடும்போதும் நடப்பது இதே வினைதான். பிரசின் என்ற வேதிக்குடும்பத்தைச் சேர்ந்த மணப்பொருள்கள் இவை எல்லாவற்றுக்கும் பொது. எனவே சரியான பதத்தில் வறுத்த பார்லியிலேயே வேர்க்கடலையின் சாயலும் சாக்லேட்டின் சாயலும் இருக்கின்றன. சாக்லேட் மால்ட் என்று விற்கப்படும் முளைப்பார்லியில் ஒரு துளி சாக்லேட்டும் கிடையாது. நிறத்தாலும் மணத்தாலும் வந்த பெயர் அது. ஏற்கெனவே இருக்கும் சாயலை, பொருத்தமான ஒரு மணத்தைச் சேர்த்துக் கொஞ்சம் தூண்டிவிட்டு, டப்பாவின் மேல் ஒரு பண்டத்தின் பெயரையும் எழுதிவிட்டால், மீதியை நம் நினைவே நிரப்பிக்கொள்ளும்.

பலர் பண்டத்தையே கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டுவதும் உண்டு. தேங்காயிலும் கடலையிலும் கோக்கோவிலும் உள்ள கொழுப்பு நுரையைக் கொல்லும். ஊற்றியவுடன் நுரை அடங்கி, மேலே எண்ணெய்ப் படலம் வட்டமிட்டால் காரணம் அதுதான். சாயலை வறுத்த தானியத்திலிருந்து எடுத்து, சேர்ப்பதைக் குறைவாகச் சேர்ப்பவரையே நான் மதிக்கிறேன்.

கேள்வி: இதை எப்படிச் சுவைப்பது? சாதாரண பியரைப் போல நன்றாகக் குளிரவைத்துக் குடித்தேன். சர்க்கரைத் தண்ணீர் போலத்தான் தெரிந்தது.
— ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: குளிர்தான் உங்களை ஏமாற்றியது. குளிரில் மணங்கள் எழாது. கனமும் இனிப்பும் மட்டும் நாக்கில் நிற்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம், அரை மணி நேரம் வெளியே வையுங்கள். 12 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் போதும். உயரமான கண்ணாடித் தம்ளர் வேண்டாம். வயிறு அகன்று வாய் குறுகிய சிறு கிண்ணத்தில் ஒருவருக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். 12 சதவீத ஆல்கஹால் உள்ள 330 மில்லிலிட்டர் டப்பாவில் சுமார் 31 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதே அளவு 5 சதவீதப் பியரில் இருப்பது 13 கிராம். உங்கள் ஊரில் பரவலாக விற்கும் 473 மில்லிலிட்டர் டப்பாவானால் 45 கிராம் ஆகிவிடும். ஆறு பேர் பங்கிட்ட அந்தச் சிகாகோ நண்பர்கள் செய்ததே முறை.

நியூயார்க் மாநிலத்து லேக்வுட்டில் உள்ள சதர்ன் டியர் ஆலையின் கிரெம் புருலே ஸ்டவுட்டை நான் சுவைத்தபோது எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன். கிரெம் புருலே என்பது முட்டை மஞ்சள்கருவும் பாலாடையும் சேர்த்து வேகவைத்து, மேலே தூவிய சர்க்கரையைச் சுடர் காட்டிக் கருக்கிய பிரெஞ்சு இனிப்பு. மூடியைத் திறந்தபோதே, கிண்ணத்தில் ஊற்றும் முன்பே, வெனிலா எழுந்து வந்தது. ஊற்றியபின் பழுப்பு நுரை விரலளவு நின்று சீக்கிரம் விளிம்புக்கு ஒதுங்கியது. முதல் வாயில் பாலாடை, வெனிலா, அவ்வளவுதான். கிண்ணத்தை இரு கைகளாலும் பொத்தி வைத்திருந்து பத்து நிமிடம் கழித்து மீண்டும் முகர்ந்தபோது, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பதம் சற்றே தப்பினால் வருமே, அந்தக் கருகல் மணம் வெனிலாவுக்கு அடியிலிருந்து மேலே வந்தது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் இதைக் காய்ச்சியிருக்கிறார்கள் என்று தோன்றியது. விழுங்கியபின் நாக்கின் அடியில் காப்பிக் கசப்பு வரும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் மெல்லியதாகவே வந்தது. மணத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். கசப்பு இன்னும் ஒரு பங்கு இருந்திருந்தால் கிண்ணத்தின் கடைசித் துளிவரை குடித்திருப்பேன்.

நீங்களும் இதே போல இரு வேளைகளில், ஊற்றியவுடன் ஒருமுறையும் சூடு ஏறியபின் ஒருமுறையும் சுவைத்துப் பாருங்கள். இரண்டாம் முறை புதிதாக ஏதாவது சொன்னால் அது நல்ல ஸ்டவுட். முதலில் சொன்னதையே இன்னும் உரக்கச் சொன்னால், உள்ளே எசன்ஸைத் தவிர வேறில்லை. உடன் தின்ன இனிப்பு எதையும் வைக்காதீர்கள். உப்பு போட்டு வறுத்த முந்திரியோ, புளிப்பேறிய பழைய செடார் சீஸோ போதும்.

கேள்வி: பால் குடித்தால் எனக்கு வயிறு உப்பும். இந்தப் பியர்களில் "லாக்டோஸ்" என்று எழுதியிருக்கிறதே, ஈஸ்ட் அதைத் தின்றுவிடாதா?
— ஒரு வாசகர், டல்லஸ்

பதில்: தின்னாது, அதற்காகத்தான் சேர்க்கிறார்கள். பியர் ஈஸ்டால் பாற்சர்க்கரையை நொதிக்கவைக்க முடியாததால் அது அப்படியே தங்கி, மென்மையான இனிப்பையும் கனத்தையும் தருகிறது. வீட்டில் காய்ச்சுபவர்கள் 20 லிட்டருக்கு அரைக் கிலோ சேர்ப்பது சாதாரணம். அந்தக் கணக்கில் 330 மில்லிலிட்டரில் 8 கிராம் லாக்டோஸ் இருக்கும். ஒரு தம்ளர் பசும்பாலில் 12 கிராம் அளவுக்கு இருக்கிறது. ஆகவே லாக்டோஸ் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் பெயரை நம்பாமல் சேர்பொருள் பட்டியலைப் படித்தே தீர வேண்டும்.

கேள்வி: விலை அதிகம் என்பதால் விசேஷ நாளுக்காக எடுத்துவைத்திருக்கிறேன். எத்தனை ஆண்டு வைக்கலாம்?
— ஒரு வாசகர், மெல்போர்ன்

பதில்: எதையும் சேர்க்காத இம்பீரியல் ஸ்டவுட்டையோ பீப்பாயில் முதிர்ந்ததையோ இருட்டான குளிர்ந்த இடத்தில் சில ஆண்டுகள் வைக்கலாம், உலர்ந்த திராட்சை போன்ற சுவை கூடும். காப்பி, தேங்காய், வெனிலா சேர்த்தவற்றை அப்படி வைக்கக் கூடாது. காப்பி சேர்த்த விலையுயர்ந்த ஸ்டவுட் ஒன்றை இரண்டு ஆண்டுகள் பொத்திப் பொத்தி வைத்திருந்து, என் தங்கை வந்த நாளில் திறந்தேன். காப்பி மணம் போய், வெட்டிய பச்சைக் குடமிளகாயின் மணம் முன்னால் நின்றது. "அண்ணா, இது கூட்டுக்கு நறுக்கிய மிளகாய் மாதிரி இருக்கிறதே" என்று அவளே சொல்லிவிட்டாள். காப்பி ஸ்டவுட் பழசானால் இப்படி ஆவதுண்டு என்பதை அன்றே நேரில் கற்றேன். விசேஷ நாளுக்குக் காத்திருக்காமல் இந்த மாதமே திறந்துவிடுங்கள்.

கேள்வி: நான் கண்டியில் வளர்ந்தவன். எங்கள் லயன் ஸ்டவுட்டிலும் சாக்லேட் சுவை உண்டு. அதுவும் இந்த வகைதானா?
— ஒரு வாசகர், டொரான்டோ

பதில்: இல்லை, ஆனால் நான் இதுவரை சொன்னதற்கெல்லாம் அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆங்கிலேயர் காலத்தில் மலையகத்து நுவரெலியாவில் தொடங்கிய பியர்த் தொழிலின் வாரிசு அது; இப்போது கொழும்பை அடுத்த பியகமவில் தயாராகிறது. ஆல்கஹால் 8.8 சதவீதம். பியரைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதை உலகறியச் செய்தவர்களில் ஒருவர். சாக்லேட் சேர்க்காமலே அதில் சாக்லேட்டும் கருப்பட்டியும் தெரிகின்றன. எல்லாம் வறுத்த தானியத்தின் வேலை. டொரான்டோவில் உங்களுக்கு அது கிடைத்தால், கேக் பெயர் கொண்ட ஒரு ஸ்டவுட்டையும் வாங்கி, இரண்டையும் ஒரே வெப்பத்தில், ஒரே மாதிரிக் கிண்ணங்களில், பெயர் தெரியாதபடி வீட்டாரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். எந்தக் கிண்ணம் முதலில் காலியானது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.