அடைப்புக்குறிக்குள் எழுதிய வரி

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. என் தம்பிக்கு 31 வயது. மனச்சிதைவு நோய் கண்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாதங்களுக்கு முன் நோய் முற்றியதால் ஒரு மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்தோம். பழைய மாத்திரைகள் எதுவும் கேட்காததால் இப்போது குளோசபின் கொடுக்கிறார்கள். குரல்கள் கேட்பது குறைந்துவிட்டது, இரவில் தூங்குகிறான். ஆனால் 14 கிலோ எடை கூடிவிட்டான், சர்க்கரையும் எல்லையைத் தொட்டுவிட்டது என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்கிறார். சனிப்பெயர்ச்சிக்குப் பிறகு எல்லாம் சரியாகும் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். முதலில் மனம் சரியாகட்டும், உடம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் எல்லோருமே நினைக்கிறோம்.

ஞாயிறுதோறும் பலகாரத்துடன் போய்ப் பார்க்கிறோம். சாப்பிடுகிறான், ஆனால் பேசுவதில்லை. (ஒரு வாரமாக வயிறு போகவில்லை, வயிற்றுக்குள் யாரோ சிமெண்ட் ஊற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொல்கிறான். வார்டில் கேட்டால், அவர் எப்போதும் இப்படி எதையாவது சொல்வார் என்கிறார்கள்.)

என் கேள்வி இதுதான்: அவனோடு நான் என்ன பேசுவது? அப்படி உறைந்துபோன ஒரு மனத்துக்குள் நம் சொற்கள் போய்ச் சேருமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாக இரண்டு வரி எழுதினேன். வார்டுக்குப் போன் செய்து, பணியிலிருக்கும் மருத்துவரைத் தம்பியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நாளை வரை காத்திருக்க வேண்டாம் என்றேன். நீங்கள் அப்படியே செய்ததாகவும், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சிகிச்சை கொடுத்த பிறகு வயிறு இளகியதாகவும் உங்களிடமிருந்து பதில் வந்த பிறகுதான் எனக்கு நிம்மதியாயிற்று. உங்கள் அனுமதியோடு இங்கே விரிவாக எழுதுகிறேன். சில காலமாகவே இதை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

எட்டு ஆண்டு நோயையும், ஜோசியரையும், தம்பியின் மௌனத்தையும் முழு வாக்கியங்களில் எழுதிய நீங்கள், உயிருக்கு ஆபத்தான ஒரே செய்தியை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. படித்தவர், தம்பி மீது உயிரையே வைத்திருப்பவர், ஞாயிறு தவறாமல் பேருந்து ஏறிப் போகிறவர், நீங்களே இப்படி எழுதினால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வது? மனநல வார்டுக்குள் போகிறவர்களின் உடம்பை நாம் எல்லோருமே இப்படித்தான் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடுகிறோம்.

குளோசபின் நல்ல மருந்து. வேறு எதற்கும் அடங்காத மனச்சிதைவில் அது செய்வதை வேறெந்த மருந்தும் செய்வதில்லை. அதைப் பற்றிப் படித்தவர்கள் எல்லோரும் அறிந்த ஆபத்து ஒன்று உண்டு. 1975இல் பின்லாந்தில் அதை எடுத்துக்கொண்டவர்களில் சிலர் இரத்த வெள்ளணுக்கள் திடீரென்று குறைந்து இறந்துபோனார்கள். பல நாடுகள் மருந்தைக் கைவிட்டன. 1988இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வுதான், மற்ற மருந்துகளுக்குக் கேட்காதவர்களுக்கு இது கேட்கிறது என்று காட்டி அதை மீட்டுக்கொண்டுவந்தது. அதன் பிறகு பல நாடுகளில் முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை என்பது நடைமுறையாயிற்று. உங்கள் தம்பிக்கும் ஊசி குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அது சரியாகவே நடக்கிறது.

ஆனால் அதே மருந்து குடலின் அசைவையும் மந்தமாக்குகிறது. நியூசிலாந்தில் போரிருவா என்ற ஊரிலுள்ள மனநல மருத்துவமனையின் உள்நோயாளிகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. குளோசபின் எடுத்துக்கொண்டிருந்த 20 பேரை எக்ஸ்ரே மூலம் சோதித்தபோது, அவர்களில் 80 சதவீதத்தினரின் பெருங்குடல் மெதுவாகிவிட்டிருந்தது தெரிந்தது. உணவுக் கழிவு பெருங்குடலைக் கடக்கும் நேரம் வழக்கத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேலாக நீண்டிருந்தது. அவர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை. கேட்டால் வயிறு நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். மனச்சிதைவு உள்ளவர்கள் வலியைக் குறைவாகவே வெளியில் சொல்கிறார்கள் என்பதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவருவதுதான். இப்படி முற்றும் மலச்சிக்கல் குடலடைப்பாகி, குடல் அழுகி, சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடக்கூடும். 2020 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வெள்ளணுவுக்குப் பதிவேடு இருக்கிறது, தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. வயிறு போனதா என்பதை எழுதிவைக்க எத்தனை வார்டுகளில் ஒரு கட்டம் போட்ட தாள் இருக்கிறது?

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பல நோயாளிகள் வாயே திறக்காத ஒரு விஷயத்தை உங்கள் தம்பி சொல்லிவிட்டான். சிமெண்ட் என்று சொன்னான், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, இன்னும் உளறுகிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு வாரமாக மலம் கழிக்காதவன் தன் வயிற்றைப் பற்றி இதைவிடத் துல்லியமாக வேறு எப்படிச் சொல்வான்? யாரோ ஊற்றினார்கள் என்பது நோய். இறுகிப்போயிருக்கிறது என்பது செய்தி. இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரியாதவர் அந்த வார்டில் வேலை செய்யக் கூடாது.

எனக்கு இது என் சித்தப்பா வழியாகத் தெரியும். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவரை ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்திருந்தோம். அந்தக் காலத்து லார்காக்டில் மாத்திரையும், அதனால் வரும் கைநடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரையும் கொடுத்துவந்தார்கள். இரண்டுமே குடலைக் கட்டுபவை. சித்தப்பா வயிற்றுக்குள் பாம்பு சுருண்டு கிடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். கேஸ் ஷீட்டில் அது பிரமை என்று ஏறியது, மாத்திரையின் அளவும் ஏறியது. நான்கு நாள் கழித்து, பாத்திரம் எடுக்க வந்த ஆயா ஒருவர் அவர் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையை விலக்கி, உள்ளங்கையை வயிற்றில் வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், "டாக்டரய்யா, இது கல்லாட்டம் இருக்கு, வந்து பாருங்க" என்று சத்தம் போட்டார். அத்தனை நாளில் சித்தப்பாவின் வயிற்றின் மீது பட்ட முதல் கை அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே இருந்தவர், "மனநோயாளியை எதற்கு இங்கே கொண்டுவந்தீர்கள், கட்டுப்படுத்த ஆள் இருக்கிறதா?" என்று கேட்டார். சித்தப்பா எதையும் எதிர்க்கும் நிலையில் இல்லை, ஸ்ட்ரெச்சரில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பிழைத்தார், பிறகு பல ஆண்டுகள் எங்களோடு இருந்தார். இன்று அந்தக் கேள்வியைக் கேட்பது சட்டப்படியும் தவறு. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எல்லா மருத்துவச் சேவைகளிலும் மனநோயுள்ளவரை உடல்நோயுள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. ஆம்புலன்சும் அவசர சிகிச்சையும் அதில் அடக்கம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றி எரிந்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியின்றி 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சங்கிலியைப் பற்றி இந்த நாடே பேசியது, நீதிமன்றம் பேசியது. பேசியிருக்க வேண்டியதுதான். ஆனால் சங்கிலி இல்லாத, சுத்தமான, மின்விசிறி சுழலும் வார்டுகளிலும் இவர்கள் நமக்கு முன்னால் செத்துக்கொண்டிருக்கிறார்கள். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலை அதில் ஒரு பகுதிதான். பெரும்பாலானவர்கள் மாரடைப்பிலும், சர்க்கரை நோயிலும், நுரையீரல் நோயிலும், தொற்றுகளிலும் சாகிறார்கள். தடுத்திருக்கக்கூடிய சாவுகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் உடம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்வீர்களா? அந்த 'அப்புறம்' வரும்போது தம்பிக்கு 45 வயது இருக்கும், இரண்டு இரத்தக்குழாய்கள் அடைத்திருக்கும்.

சனிப்பெயர்ச்சியை விடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. குளோசபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடியும் சிறிய அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும், அதற்குள் நோய் திரும்பிவிடலாம். தம்பி பீடி, சிகரெட் பிடிப்பவன் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புகை இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். வார்டில் புகை நின்றதும் ஏறும், வீட்டுக்கு வந்து மறுபடி பிடித்தால் இறங்கும். மலச்சிக்கலுக்குக் கடையில் இசப்கோல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மெதுவாகிப்போன குடலுக்குள் இன்னும் பருமனைச் சேர்ப்பது அது. இதற்கென்று வேறு மருந்துகள் உண்டு. போரிருவாவில் மலமிளக்கிகளைக் கொடுத்துப் பார்த்ததில் குடல் கடக்கும் நேரம் கணிசமாகக் குறைந்தது. அதை மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும்.

அம்மாவின் பலகாரப் பையைப் பற்றி மென்மையாகத்தான் சொல்ல முடியும். அந்தப் பையில் இருப்பது மைசூர்பாகு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் குளோசபின் பசியைத் தூண்டி விடுகிறது, நாள் முழுவதும் கட்டிலில் கிடக்கிறான், சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கிறது. அம்மா பொரியல் செய்து கொண்டுபோகட்டும், கொய்யாப்பழம் நறுக்கிக் கொண்டுபோகட்டும். ஒரு தையல் டேப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. எடை பார்க்கும் கருவி பழுது என்று வார்டில் சொல்லிவிடலாம், டேப் பழுதாகாது.

என்ன பேசுவது என்ற உங்கள் கேள்விக்கு நான் இலக்கியமாக எதுவும் சொல்லப்போவதில்லை. சாப்பிட்டாயா, நடந்தாயா, வயிறு போனதா, எங்காவது வலிக்கிறதா என்று கேளுங்கள். பல்லைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மருந்துகளாலும் கவனிப்பின்மையாலும் இவர்களின் பற்கள் முதலில் போய்விடுகின்றன. கையைப் பிடித்து வளாகத்துக்குள் இரண்டு சுற்று நடக்க வையுங்கள். அவன் சொல்லும் பதில் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் அதிலுள்ள உடம்புச் செய்தியை மட்டும் பிரித்தெடுத்து, பணியிலிருக்கும் நர்ஸிடம் சொல்லி, உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள்.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்குவது 1950களிலிருந்து இருந்துவரும் வழக்கம். அதே காலத்தில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார். பக்கத்தில் ஓர் உறவு இருந்தால் அவன் நேற்று என்ன சாப்பிட்டான், எத்தனை முறை எழுந்து போனான் என்பது யாருக்காவது தெரிந்திருக்கும். தங்க முடியாத இடத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்குள் நீங்கள்தான் அந்த ஆளாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் மனநல மாத்திரைகளின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எடை, இடுப்பளவு, பி.பி., சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் இன்றைய அளவும், அடுத்து எப்போது, எங்கே பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தச் சீட்டோடு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். தம்பியையும் பரிசோதித்து, தேவைப்பட்டால் அவன் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் மனநோயாளியாயிற்றே, அங்கேயே காட்டுங்கள் என்று யாராவது தட்டிக்கழித்தால், அவர் என்ன காரணம் சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.