ஆறாம் வகுப்பு: எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருக்கிறது. எது நல்ல பள்ளி? தேர்ச்சி விகிதத்தை எங்கே பார்ப்பது?

தேர்ச்சி விகிதம் உங்களுக்கு உதவாது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை, அதனால் எல்லாப் பள்ளியும் நூற்றுக்கு நூறுதான். 6, 7, 8-ஆம் வகுப்புகளுக்கு எத்தனை பட்டதாரி ஆசிரியர்கள் என்று முதலில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அறிவியல்-கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவராவது இருக்க வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். பணியிடம் இருப்பது வேறு, ஆள் இருப்பது வேறு. கணக்கு டீச்சரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பியிருந்தால், பதிவேட்டில் அவர் பெயர் இருந்து என்ன பயன்?

அடுத்து, என்எம்எம்எஸ் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதுவது. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. இரண்டு பள்ளிகளையும் ஒரே அளவுகோலில் பார்க்க இந்தத் தேர்வு உதவும். ஆனால் எட்டாம் வகுப்பில் பத்துப் பேர்தான் என்றால், எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதைவிட எத்தனை பேரை எழுத வைத்தார்கள் என்று பாருங்கள். பள்ளியின் அக்கறை அதில் தெரியும். சுவரில் ரயில் பெட்டி மாதிரி பெயின்ட் அடித்திருப்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பாலக்கோட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை படிக்கவைத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020-இல் வந்தது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் பொதுவாக அதே ஆறாம் வகுப்புதான் தொடக்கம். நீங்களே பணம் கட்டிப் படிக்கவைக்கும் தனியார் பள்ளி என்றால் இந்த இரண்டும் போகும், என்எம்எம்எஸ்ஸும் எழுத முடியாது. மாற்றுவதாக இருந்தால் ஆறிலேயே மாற்றிவிடுங்கள்.

பள்ளித் தண்ணீரைப் பற்றியெல்லாம் கேட்க வேண்டுமா?

நம் மாவட்டத்தில் கட்டாயம் கேட்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பிள்ளைகள் குடிக்கிற குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா? போர் தண்ணீர் என்றால், பரிசோதனை செய்யச் சொல்லி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், தயங்க வேண்டாம்.

தளி பக்கம் மலைக் கிராமம். ஐந்தாவதோடு மகளின் படிப்பு நின்றுவிட்டது. நடந்து போகும் தூரத்தில் பள்ளி இல்லை.

கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்று பெண் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. படிப்பு நின்ற பிள்ளைகளுக்காகவே தொடங்கியவை. தங்குவதும் சாப்பாடும் இலவசம். உங்கள் ஒன்றியத்தின் கல்வித் துறை அலுவலகமான வட்டார வளமையத்தில் கேளுங்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம்.

பழைய பள்ளியில் டிசி தர இழுத்தடிக்கிறார்கள். புதுப் பள்ளியில் சேர்க்க முடியாதா?

முடியும். டிசி தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையை இப்போதே சேர்த்துவிடுங்கள், டிசியை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.