தேடினால் கிடைக்கணும்! வலைப்பூ கேள்வி பதில்

கேள்வி: மதுரையைச் சுற்றியுள்ள மலைகள், சமணர் குகைகள், கல்வெட்டுகள் பற்றி 2010 முதல் கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாகரில் எழுதிவருகிறேன். முந்நூறு பதிவுகளுக்கு மேல் இருக்கும். கீழக்குயில்குடி என்றோ அரிட்டாபட்டி என்றோ கூகுளில் தேடினால் என் வலைப்பூ மருந்துக்கும் வருவதில்லை. என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பரங்குன்றம்

பதில்: உங்கள் பதிவுகள் கூகுளின் கணக்கில் இருக்கின்றனவா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், ஐயா. தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் வலைப்பூ முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் பிளாகர் செட்டிங்ஸில் 'பிரைவஸி' பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகளுக்குக் காட்டும் பொத்தான் அணைந்திருக்கலாம். (வேர்ட்பிரஸில் இது 'ரீடிங்' பக்கத்தின் அடியில் ஒரு டிக். தளத்தைக் கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறப்பவர்கள் நிறையப் பேர்.)

சில பதிவுகள் மட்டும் வந்தால், உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் கணக்கு தொடங்குங்கள். இலவசம்தான். பிளாகருக்கான அதே ஜிமெயிலில் நுழைந்தால் உரிமையை நிரூபிப்பதும் சுலபம். 'சைட்மேப்ஸ்' பகுதியில் 'சைட்மேப் டாட் எக்ஸ்எம்எல்' என்று ஆங்கில எழுத்தில் ஒருமுறை கொடுத்தால் போதும், பதிவுகளின் முகவரிப் பட்டியலை பிளாகரே தயாரித்துக்கொள்ளும். பிறகு 'பேஜஸ்' அறிக்கையைப் பாருங்கள். லேபிள் (பதிவுகளை வகைபிரிக்கும் குறிச்சொல்) பக்கங்கள், தேடுபொறிகள் எங்கே நுழையக் கூடாது என்று சொல்லும் 'ரோபாட்ஸ்' கோப்பால் தடுக்கப்பட்டதாக இருந்தால் பதற வேண்டாம், பிளாகரில் அது இயல்பு. கவலைப்பட வேண்டியது 'வந்து பார்த்தோம், ஆனால் சேர்க்கவில்லை' என்ற பொருளில் வரும் பட்டியலைத்தான். நாலு வரியும் ஒரு படமுமாக இருக்கும் பதிவுகள் பெரும்பாலும் அதில் கிடக்கும். ஒரே மலையைப் பற்றித் துண்டு துண்டாக ஐந்து பதிவு இருந்தால் அவற்றை ஒரே நீண்ட பதிவாக்குங்கள்.

உங்கள் காலத்து வலைப்பூக்களுக்கென்றே இரண்டு நோய்கள் உண்டு. முதலாவது பழைய எழுத்துரு. பழைய வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டிய பதிவு ஒன்றில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துமுறை. சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. கணினிக்கு அது தமிழே இல்லை. தலைகீழாக நின்றாலும் எந்தத் தேடுபொறியும் அதைக் கண்டுபிடிக்காது. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் பாமினி என்றே நினைத்து உளறலான தமிழாக்கிவிடும். அந்தச் சொற்களை முதலில் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி முடித்ததும் 'ஸ்ரீ', எண்கள், அடைப்புக்குறிகளைச் சரிபார்க்க வேண்டும்.

'ஔ' வரிசையையும் கவனியுங்கள். 'பௌர்ணமி' என்பதை ஒற்றைக்கொம்பும் 'ள'வும் போட்டு 'பெளர்ணமி' என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு வேறு வேறு சொல். கூகுள் ஊகித்துச் சமாளித்தாலும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் பெட்டிகளில் திருப்பரங்குன்றம் பௌர்ணமி கிரிவலம் பற்றிய பதிவு அகப்படாமல் போகும்.

இரண்டாவது நோய், 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' முகவரி. 2012 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் பார்ப்பவர்களை 'டாட் காம்' முகவரியிலிருந்து 'டாட் இன்'னுக்குத் திருப்பிவிட்டார்கள். முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து, பழைய பதிவுகளுக்கு இணைப்புக் கொடுத்தவர்கள் எல்லாரும் 'டாட் இன்' என்றே கொடுத்தார்கள். 2020-இல் அந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) கூகுளின் கையை விட்டே போனது. அந்த இணைப்புகள் எல்லாம் இப்போது உங்கள் வலைப்பூவுக்கு வந்து சேராது. செட்டிங்ஸில் 'பேக்கப்' எடுத்து, கோப்பை நோட்பேடில் திறந்து 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்று தேடினால் எந்தெந்தப் பதிவு என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றிலும் 'காம்' என்று மாற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் நிச்சயம்.

பழைய பதிவைப் புதுப்பிப்பது புதிதாக எழுதுவதைவிட லாபம். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதைத் தேடி வருகிறவருக்கு உங்கள் பழைய பதிவில் அந்தச் சொல்லே இருக்காது. அதே முகவரியில், அதே பதிவில், மேலூரிலிருந்து போகும் வழியோடு சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: என் சமையல் பதிவுகளைப் படிப்பவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் தேடி வருபவர்கள் யாருமே இல்லை. தலைப்பில்தான் கோளாறு என்கிறாள் மகள். அப்படியா?
– வாசகி, செல்லூர்

பதில்: மகள் சொல்வது சரி. 'தூங்கா நகரின் குளிர்ச்சி' என்பது அழகான தலைப்பு, ஆனால் யாரும் அப்படித் தேடமாட்டார்கள். 'மதுரை ஜிகர்தண்டா செய்முறை: பாதாம் பிசின், கடற்பாசி, நன்னாரி அளவுகளுடன்' என்று வைத்தால் தேடுகிறவரின் கண் நிற்கும். தமிழ் எழுத்து அகலமானது, செல்போனில் தலைப்பு சீக்கிரமே வெட்டுப்படும். அதனால் முக்கியமான சொல் முதல் நாலைந்து சொற்களுக்குள் வரட்டும். பழைய பிளாகர் தீம்களில் (வலைப்பூவின் வடிவமைப்புகளில்) பதிவின் தலைப்புக்கு முன்னால் வலைப்பூவின் பெயர் வந்து உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். புதிய தீமுக்கு மாறினால் அந்தத் தொல்லை தீரும்.

மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்று ஊகிக்க வேண்டாம். கூகுள் பெட்டியில் 'பாதாம் பிசின்' என்று மட்டும் அடித்து நிறுத்துங்கள், கீழே வரும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்' என்று கேட்பவருக்கு உங்கள் பதிவின் நடுவே துணைத்தலைப்போடு ஒரு நேரடி விடை இருக்க வேண்டும்: இரவு ஊறவைத்துக் காலையில் எடுக்கவும், பல மடங்கு பொங்கும், பெரிய பாத்திரம் தேவை. அளவுகள் பதிவின் மேலேயே வரட்டும். பாட்டி கதை கீழே இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு விதமாக எழுதப்படும் சொல்லானால் (கோயில், கோவில் மாதிரி) இரண்டையும் உரையில் இயல்பாக ஒருமுறையாவது பயன்படுத்துங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களுக்காக, தலைப்பின் கடைசியில் சமையலின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் சேர்க்கலாம்.

முகவரி விஷயமும் உண்டு. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் அந்த எழுத்துகளை விட்டுவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்றும் ஓர் எண்ணும் போட்டு முகவரி வைத்துவிடும். வெளியிடுவதற்கு முன் வலது பக்கத்தில் 'கஸ்டம் பெர்மாலிங்க்' தேர்ந்து, சொற்களுக்கிடையே சிறுகோடு வைத்து ஆங்கில எழுத்தில் மூன்று சொல் கொடுங்கள். பழைய பதிவுகளின் முகவரியைத் தொடவேண்டாம். முகவரியில் இருக்கும் சொல்லால் கிடைக்கும் பலன் சொற்பம், மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பெல்லாம் அறுந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து சர்ச் கன்சோலில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம் பாருங்கள். சராசரி இடம் 8 முதல் 20 வரை இருக்கும் தேடல் சொற்கள்தான் உங்கள் சோறு. அந்தப் பதிவுகளில் விடையைத் தெளிவாக்கி, தொடர்புள்ள இரண்டு மூன்று பதிவுகளிலிருந்து இணைப்புக் கொடுங்கள். 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாமல் 'பால் சுண்டக் காய்ச்சும் முறை' என்று பெயர் சொல்லி இணையுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பதிவுக்கும் இருபது லேபிளும், பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக இருக்கும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' பட்டியலும் போடுகிறேன். போதாதா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: கீவேர்ட்ஸ் டேகைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. லேபிள் இரண்டு மூன்று போதும்.

கேள்வி: என் வலைப்பூ செல்போனில் திறக்க அரை நிமிடம் ஆகிறது. நெட் நன்றாகத்தான் இருக்கிறது.
– வாசகர், திருமங்கலம்

பதில்: கூகுளின் வேகச் சோதனைப் பக்கமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து 'மொபைல்' பக்கத்தைப் பாருங்கள். பெரிய படமோ உரையோ கண்ணில் படும் நேரம் 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது. அரை நிமிடம் ஆகிறதென்றால் முதல் சந்தேகம் பக்கப்பட்டையில். செத்துப்போன திரட்டிகளின் (பல வலைப்பூக்களின் பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்த தளங்களின்) ஓட்டுப்பட்டை, வருகை எண்ணி, ஓடும் கடிகாரம் ஆகியவற்றின் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்), இப்போது இல்லாத சர்வரைத் தட்டிக்கொண்டே நிற்கும். பதில் வராதவரை பக்கத்தின் மீதி திறக்காது. காலாவதியான அந்த டொமைனை வேறு யாராவது வாங்கி, உங்கள் பக்கத்தில் விளம்பரம் ஓட்டும் ஆபத்தும் உண்டு. 'லேஅவுட்' போய் எல்லாவற்றையும் நீக்குங்கள். ஓட்டுப்பட்டையைத் தீமுக்குள்ளேயே ஒட்டியிருந்தால் 'எடிட் ஹெச்டிஎம்எல்'லில் திரட்டியின் பெயரைத் தேடி, முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு அழியுங்கள்.

அடுத்தது படங்கள். செல்போன் படம் 4000 பிக்சல் அகலமும் 3 முதல் 5 எம்பியும் இருக்கும். 1200 பிக்சலுக்குக் குறைத்து, ஜேபெக் தரம் 75 வைத்தால் பெரும்பாலும் 300 கேபிக்குள் அடங்கும். பதிவில் சேர்க்கும்போது 'ஒரிஜினல் சைஸ்' தேர்வு செய்யாதீர்கள். முகப்பில் ஐந்து பதிவு மட்டும், ஒவ்வொன்றிலும் 'ஜம்ப் பிரேக்' (மீதியை 'மேலும் படிக்க' இணைப்புக்குள் மறைக்கும் வெட்டு) வைத்து. கவிதையைப் படமாக்கிப் போடும் பழக்கம் இருந்தால், கீழே அதையே எழுத்தாகவும் தட்டுங்கள்.

கேள்வி: சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். வலைப்பூ தொடங்கினால் வியாபாரத்துக்கு உதவுமா?
– வாசகி, மதுரை

பதில்: முதல் வேலை, கூகுள் பிசினஸ் புரொஃபைல். அதுவும் இலவசம், கடை நேரம், படங்கள், இடம் சரியாக இருந்தாலே மேப்பில் தேடுகிறவர்கள் வருவார்கள். வலைப்பூவில் விளம்பரம் எழுதாமல், வாங்குகிறவர் வாசலில் கேட்பதற்கு விடை எழுதுங்கள்: சாயம் போகுமா, முதல் துவைப்பு எப்படி, கையால் முடிச்சிட்டதையும் அச்சடித்ததையும் எப்படிப் பிரித்தறிவது. கடைசிக் கேள்விக்கு இரண்டு துணிகளின் புள்ளிகளையும் அருகே வைத்து எடுத்த படம் ஒன்று போதும். முடிச்சிட்ட புள்ளிகள் ஒன்றுபோல் இராது, அச்சில் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். மதுரை சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் ஒரு வரி சேருங்கள்.

கேள்வி: சொந்த டொமைன் வாங்கினால் பழைய வாசகர்கள் போய்விடுவார்களா?
– வாசகர், மேலூர்

பதில்: போகமாட்டார்கள். பிளாகரில் 'கஸ்டம் டொமைன்' சேர்த்ததும் பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்குத் தானே திருப்பிவிடும். பழைய வலைப்பூவை மட்டும் அழித்துவிடாதீர்கள். டொமைன் விற்றவரின் தளத்தில் பிளாகர் காட்டும் இரண்டு 'சி-நேம்' (டொமைனை வலைப்பூவோடு இணைக்கும் குறிப்பு) வரிகளையும் எழுத்துப் பிசகாமல் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள்தான் அதிகம். பிறகு பாதுகாப்பான இணைப்புக்கான 'ஹெச்டிடிபிஎஸ்' பொத்தான்கள் இரண்டையும் போடுங்கள், அது செயல்பட ஒரு நாள் வரை ஆகலாம். சர்ச் கன்சோலில் புதிய முகவரியைத் தனியாகச் சேருங்கள். டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் பழைய முகவரியும் செத்த டொமைனுக்கே திருப்பிக்கொண்டிருக்கும். அப்படி ஆனால் உடனே செட்டிங்ஸில் கஸ்டம் டொமைனை நீக்குங்கள், பதிவுகள் பழைய முகவரியில் திரும்பிவிடும். டொமைனை வேறொருவர் மூலம் வாங்கினாலும், அதில் பதியும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.