போர்க்கால ஆவணப்படத்தில் போலிக் காட்சி இருந்தால் முழுப்படமும் பொய்தானா?

முதல் உலகப் போரில் பிரான்சில் நடந்த சொம் போரைப் பற்றிய 1916ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் படத்தில், வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறிப் பாயும் காட்சி போலி என்று எங்கோ படித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது போர்முனைக்குப் பின்னால் இருந்த பயிற்சித் தளத்தில் எடுக்கப்பட்டது என்பது சரிதான்; ஆனால் படத்தின் பெரும்பகுதி உண்மையாகக் களத்தில் எடுத்தது. பிரச்சாரம் அந்த உண்மைப் பகுதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நிறுவனங்களுக்கான விளம்பரப் படங்களைத் தொகுப்பது என் தொழில். ஓர் ஆலையின் படத்தில், ஓய்வறையில் காற்றோட்டம் போதவில்லை என்று தொழிலாளி ஒருவர் குறைபட்டுக்கொள்ளும் இடத்தை வெட்டச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். விளம்பரப் பொறுப்பாளரோ, "அது இருக்கட்டும், அப்போதுதான் மற்றதை நம்புவார்கள்" என்றார். இயந்திரத்தில் விரலை இழந்தவரின் பேட்டியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். வயிற்றுப்பாட்டுக்கு அந்த வேலையைச் செய்தவனுக்கு இதைப் பேச என்ன தகுதி என்று சிலர் வரக்கூடும். வெட்டும் மேசையில் உட்காராதவர்களுக்கு இது தெரிய வழியில்லை என்பதால்தான் சொல்கிறேன்.

சொம் படத்திலும் இதே கணக்குதான். காயம்பட்ட தோழனை ஒருவர் தோளில் சுமந்து பதுங்குகுழி வழியே வருகிறார். காயம்பட்டவர் 20 நிமிடங்களில் இறந்துவிட்டார் என்று, பேச்சில்லாத அந்தப் படத்தின் இடையே வரும் எழுத்தட்டை சொல்கிறது. அந்த ஒரு சாவைக் கண்ணெதிரே காட்டிய படம், தாக்குதலின் முதல் நாளான ஜூலை 1 அன்று மட்டும் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டதைச் சொல்லவில்லை. ஆகஸ்டில் வெளியான அப்படத்தை ஆறு வாரங்களில் ஏறக்குறைய 2 கோடிப் பேர் பார்த்தார்கள். எதையும் மறைக்காத படம் என்று அவர்களில் பலர் நம்பியிருந்தால் வியப்பதற்கில்லை.

அந்த ஆலைப் படத்தின் பெயர்ப்பட்டியலில் என் பெயரைப் போடவில்லை, பேசிய தொகையும் இழுத்தடித்தே வந்தது. அது வேறு கதை. ஆனால் பெயர்ப்பட்டியலில் யார் இல்லை என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. லண்டன்மீதான குண்டுவீச்சைப் பற்றி 1940இல் பிரிட்டிஷ் அரசின் தகவல் அமைச்சகம் எடுத்த குறும்படத்திற்குக் குரல் கொடுத்தவர் குவென்டின் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். போரில் இன்னும் இறங்காத அமெரிக்காவில் அது அவர் நேரில் கண்டு அனுப்பிய செய்தியாகவே திரையிடப்பட்டது. அமைச்சகத்தின் பெயர் அந்தப் பிரதியில் இல்லை. அதில் எரிந்த கட்டடங்கள் எல்லாம் உண்மையாகவே எரிந்தவை.