தொட்டியை உடைக்க வேண்டாம்: சுழி வருவது பூமியால் அல்ல

கேள்வி: முத்தையன்கட்டு இடதுகரையில் கச்சானும் மிளகாயும் செய்கிறோம். கிணற்றடியில் 3 அடி ஆழத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. வோட்டர் பம்மால் அதை நிரப்பி, அடியில் உள்ள 3 அங்குலக் குழாயைத் திறந்து வாய்க்காலுக்கு விடுவோம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் குழாய் வாயில் சுழி விழுகிறது. எப்போது பார்த்தாலும் இடப்பக்கமாகத்தான் சுழல்கிறது. கொறகொறவென்று சத்தம் வந்து, தண்ணீர் மெலிந்துவிடுகிறது. உயர்தரம் படிக்கிற என் மகன், பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் எல்லாச் சுழியும் இப்படித்தான் என்கிறான். மெல்பேணில் இருக்கிற தங்கச்சி, தன் வீட்டுப் பேசினில் வலப்பக்கமாகச் சுழல்வதை வீடியோவில் காட்டினாள். மேசனோ, குழாய் பூமியின் சுழற்சிக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கிறது, எதிர்ச் சுவரை உடைத்து அங்கே வைத்தால் தண்ணீர் நன்றாகப் பாயும் என்கிறார். உடைக்கலாமா?

பதில்: அக்கா, உடைக்க வேண்டாம். குழாயை எந்தச் சுவரில் வைத்தாலும் பூமி அதைக் கவனிக்கப் போவதில்லை. உங்கள் தொட்டிச் சுழியின் திசையைத் தீர்மானிப்பது நீங்கள் தண்ணீர் நிரப்பும் விதம். நீங்கள் அனுப்பிய படத்திலேயே அது தெரிகிறது.

முதலில் திசைக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். மேலேயிருந்து பார்க்கும்போது, வற்றாப்பளைக் கோயிலை வலம் வருகிற திசையில் சுற்றினால் அது வலஞ்சுழி. அதற்கு எதிராகச் சுற்றினால் இடஞ்சுழி. உங்கள் தொட்டியில் வருவது இடஞ்சுழி.

இப்போது படத்தைப் பாருங்கள். பம்மிலிருந்து வருகிற குழாய் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. தண்ணீர் கிழக்குச் சுவரை ஒட்டியபடி வடக்கு நோக்கிப் பாய்ந்து விழுகிறது. வடக்குச் சுவரில் முட்டி மேற்கே திரும்பும், மேற்குச் சுவரில் முட்டித் தெற்கே வரும். அதாவது தொட்டி நிரம்புகிற நேரம் முழுவதும் தண்ணீரை நீங்கள் இடஞ்சுழியாகச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மோட்டரை நிறுத்தினாலும் அந்தச் சுற்று நின்றுவிடாது. கண்ணுக்கு அசையாமல் தெரிகிற தண்ணீருக்குள் அது ஒன்றிரண்டு மணித்தியாலம் மெல்ல மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். அடிக் குழாயைத் திறந்ததும் அந்த மெல்லிய சுற்றுத்தான் சுழியாக எழும்புகிறது.

மெல்லிய சுற்று எப்படி இவ்வளவு வேகமான சுழியாகிறது என்று கேட்பீர்கள். ஊஞ்சல் கயிற்றை முறுக்கி விட்டுச் சுற்றுகிற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். காலை நீட்டியிருக்கும்போது மெதுவாகச் சுற்றும். காலை உள்ளே மடக்கியதும் விறுவிறுவென்று சுற்றும். தண்ணீரும் அப்படித்தான். சுவர் ஓரத்தில், மையத்திலிருந்து 1 மீற்றர் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்த தண்ணீர், குழாய் வாய்க்கு 1 சென்ரிமீற்றர் அருகே வரும்போது அதன் வேகம் 100 மடங்காகப் பார்க்கும். போகவேண்டிய வட்டமும் 100 மடங்கு சிறியது. ஆகவே ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு 10,000 மடங்காகும். தண்ணீருக்குள் இருக்கிற உராய்வு இதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சமே நமக்குச் சுழியாகத் தெரியப் போதும். தொடக்கத்தில் எந்தப் பக்கமாகச் சிறிது அசைந்ததோ, முடிவில் அந்தப் பக்கமே பெரிதாகத் தெரிகிறது.

மகன் சொன்னதை நான் ஒதுக்கிவிடவில்லை. அவர் சொல்கிற விளைவு உண்மையானது. பிரான்சைச் சேர்ந்த கொரியோலிஸ் 1835இல் நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் இயந்திரங்களைப் பற்றி எழுதியபோது அதன் கணக்கைப் போட்டார். அவர் பெயரால்தான் இன்றும் அதைக் கொரியோலிஸ் விளைவு என்கிறோம். வட அரைக்கோளத்தில் அது இடஞ்சுழியையும் தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழியையும் உண்டாக்கும் என்பதும் சரிதான். அது எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி.

ஒரு வண்டில் சில்லை நினைத்துப் பாருங்கள். அச்சின் நுனியில் நிற்கிற எறும்பு, சில்லு ஒருமுறை சுற்றும்போது நின்ற இடத்திலேயே ஒரு தட்டாமாலை சுற்றிவிடும். சில்லின் விளிம்பில் நிற்கிற எறும்பு மேலே போய், கீழே வந்து, பெரிய பயணம் செய்யும். ஆனால் தட்டாமாலை சுற்றாது. வடதுருவத்தில் இருக்கிற தொட்டி அச்சு நுனி எறும்பைப் போல ஒரு நாளில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். பூமத்திய ரேகையில் இருக்கிற தொட்டி சுற்றவே சுற்றாது. நாம் வடக்கே 9 பாகையில், பூமத்திய ரேகைக்கு மிகவும் அருகில் இருக்கிறோம். நமக்குக் கிடைப்பது துருவத்தில் கிடைப்பதில் 16 வீதம் மட்டுமே. அதன்படி முத்தையன்கட்டில் உள்ள ஒரு தொட்டி தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்க ஏறத்தாழ 6 நாள் ஆகும்.

6 நாளில் ஒரு சுற்று என்றால், மையத்திலிருந்து 1 மீற்றர் தள்ளி இருக்கிற தண்ணீருக்கு அது தருகிற வேகம் மணித்தியாலத்துக்கு 4 சென்ரிமீற்றர். இனி உங்கள் தொட்டியில் ஒரு பூவரசம் இலையைப் போட்டுப் பாருங்கள். மோட்டரை நிறுத்திய பிறகு அந்த இலை ஒரு செக்கனுக்கு 1 சென்ரிமீற்றர் நகர்ந்தால், உங்கள் குழாய் தந்த சுற்று பூமி தருவதைப்போல் 900 மடங்கு. 10 செக்கனுக்கு 1 சென்ரிமீற்றர்தான் நகர்கிறது, தண்ணீர் அசையவேயில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். அப்போதும் அது 90 மடங்கு. வாளியை முக்கி எடுத்தாலும், கையை நனைத்தாலும், ஓரத்தில் காற்று வீசினாலும் பூமியின் பங்கு மறைந்துபோகும்.

அப்படியானால் தொட்டியில் பூமியின் சுழற்சியைப் பார்க்கவே முடியாதா? முடியும். அதற்குப் பட்ட பாட்டைக் கேட்டால்தான் அது எவ்வளவு நுண்ணியது என்று விளங்கும். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆஷர் ஷாபிரோ 1962இல் அதைச் செய்து காட்டினார். 6 அடி விட்டமுள்ள வட்டத் தொட்டி, 6 அங்குலம் தண்ணீர், நடுவில் விரல் நுழையாத ஒரு சிறிய துவாரம். தண்ணீரை வேண்டுமென்றே வலஞ்சுழியாகச் சுற்றும்படி நிரப்பினார். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் திறந்தபோது நிரப்பிய திசையிலேயே, வலஞ்சுழியாகவே போனது. காற்றுப் படாமல் மூடி, சூடு மாறாமல் பார்த்து, 24 மணித்தியாலம் வைத்திருந்து திறந்தபோது முதல் பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேலாக எந்தச் சுற்றும் தெரியவில்லை. அதன் பிறகு மிதக்கவிட்ட சிறு சிலுவை மெல்லத் திரும்பத் தொடங்கியது. இடஞ்சுழியாக! 1965இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் அதே சோதனையைச் செய்தபோது வலஞ்சுழி வந்தது. எனக்கு இந்தச் சோதனைமேல் எப்போதுமே பெரிய மதிப்பு. ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருந்து தண்ணீரை மறக்கச் செய்துவிட்டுத்தான் அவர்கள் கேள்வியைக் கேட்டார்கள்.

தங்கச்சியின் மெல்பேண் தெற்கே ஏறத்தாழ 38 பாகையில் இருக்கிறது. அங்கே இந்த விளைவு எதிர்த் திசையில், நம்மிடம் இருப்பதைவிட நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவான பலத்தோடு இருக்கும். அவர் பேசினுக்கு அதுவும் போதாது. பைப்பை வேறு பக்கம் திருப்பி நிரப்பச் சொல்லுங்கள், அல்லது விரலால் ஒருமுறை இடப்பக்கம் கலக்கிவிட்டு அடைப்பை எடுக்கச் சொல்லுங்கள். மெல்பேணிலும் இடஞ்சுழி வரும். கென்யாவின் நன்யுக்கியில் பூமத்திய ரேகை கடக்கிற இடத்தில் உல்லாசப் பயணிகளுக்கு ஒரு வித்தை காட்டுவார்கள். கோட்டுக்கு வடக்கே சில அடி நடந்து ஒரு திசை, தெற்கே சில அடி நடந்து மறு திசை. ரேகையிலிருந்து சில அடி தள்ளினால் அந்த விளைவு இல்லையென்றே சொல்லலாம். பாத்திரத்தோடு உடம்பைத் திருப்புகிற பக்கமும் தண்ணீரை ஊற்றுகிற பக்கமும்தான் அங்கே வேலை செய்கின்றன.

மகனுக்கு ஒரு கணக்கு. 1 மீற்றருக்கு மணித்தியாலத்துக்கு 4 சென்ரிமீற்றர் என்றோம். தொட்டிக்குப் பதிலாக மையத்திலிருந்து 500 கிலோமீற்றர் வரை பரந்த காற்றை எடுத்தால் என்ன வரும்? மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 21 கிலோமீற்றர். 6 நாளில் ஒரு சுற்று என்ற அதே சோம்பல் சுழற்சிதான், ஆனால் அகலம் கூடியதும் அது உடம்பில் உணரக்கூடிய காற்றாகிவிட்டது. அந்தக் காற்று நாட்கணக்கில் மையத்தை நோக்கி இழுபடும்போது, ஊஞ்சல் பிள்ளை காலை மடக்கியதுபோல வேகம் ஏறுகிறது. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் தாக்கிய புயல் இப்படித்தான் சுழன்றது. 2008 நவெம்பரில் வன்னியை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷாவும் அப்படியே. வங்காள விரிகுடாவில் வருகிற ஒவ்வொரு புயலும் இடஞ்சுழிதான், விதிவிலக்கே இல்லை. ரேகைக்கு 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது என்பதற்கும் காரணம் இதுவே. முல்லைத்தீவுக் கரையில் நின்று காற்றுக்கு முதுகைக் கொடுத்தால், புயலின் மையம் உங்கள் இடக்கைப் பக்கத்தில் இருக்கும். காற்று வடக்கேயிருந்து வீசினால் புயல் கிழக்கே கடலில் நிற்கிறது. மகன் இந்த விளைவைத் தேட வேண்டிய இடம் தொட்டியல்ல, மாரி காலத்து வானம்.

சரி, உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். தண்ணீர் மெலிவதற்கு இரண்டு காரணம். முதலாவது, மட்டம் இறங்க இறங்கத் தள்ளுகிற பலம் குறைகிறது. 3 அடியில் வருகிற தண்ணீரோடு பார்த்தால் 1 அடியில் வருவது ஏறத்தாழ 58 வீதம்தான். இதை எந்த மேசனாலும் மாற்ற முடியாது. இரண்டாவது, சுழியின் நடுவால் காற்று குழாய்க்குள் இறங்கித் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கிறது. கொறகொறச் சத்தம் அந்தக் காற்றுத்தான். இதைக் குறைக்கலாம். சுழி எந்தப் பக்கம் சுற்றினாலும் மருந்து ஒன்றே: சுற்ற விடாமல் செய்வது.

பம்மிலிருந்து வருகிற குழாயின் நுனியில் ஒரு முழங்கை (வளைவுக் குழாய்த் துண்டு) போட்டு, சுவரை ஒட்டிப் பாயாமல் நேரே கீழே விழும்படி வையுங்கள். பாதிச் சுற்று அதிலேயே போய்விடும். அடிக் குழாய் வாய்க்கு முன்னால் ஒரு சாண் தள்ளி இரண்டு கல்லை நிறுத்தி வையுங்கள், தண்ணீர் சுற்றி வந்து முட்டி உடையும். இன்னும் எளிது, ஒன்றரை அடிச் சதுரப் பலகைத் துண்டு ஒன்றைக் குழாய் வாய்க்கு மேலே மிதக்கவிட்டு, நகராமல் கயிற்றால் கட்டுங்கள். காற்று இறங்க வழி இருக்காது. கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் குழாயின் உள்வாயில் 4 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகக் குறுகுகிற ரெடியூசர் ஒன்றை, அகன்ற பக்கம் தொட்டிக்குள் இருக்கும்படி பொருத்துங்கள். வாய் அகன்றால் தண்ணீர் நுழைகிற வேகம் பாதியளவுக்குக் குறையும், சுழியும் தாமதித்தே விழும். அப்புறம், குழாய்க்குள் பாசி பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கடைசி அரை அடிக்குச் சத்தம் வரத்தான் செய்யும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இதே சுழி கிணற்றில் வந்தால்தான் செலவு. கோடையில் கிணறு இறங்கியதும் பம்மின் உறிஞ்சு குழாய்க்கு மேலே சுழி விழுந்து, காற்றை இழுத்து, பம் தண்ணீரை விட்டுவிடும். அப்படியே ஓடவிட்டால் சீல் கருகும். நிமிடத்துக்கு 400 லீற்றர் இழுக்கிற 2 அங்குலக் குழாய் என்றால், அதன் வாய்க்கு மேலே 2 அடித் தண்ணீராவது எப்போதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயை இறக்குங்கள், அல்லது பம்மின் வேகத்தைக் குறைத்து மெதுவாக இறையுங்கள்.

மகன் இதையெல்லாம் செய்து பார்க்க விரும்புவார். உங்கள் தொட்டியே நல்ல ஆய்வுகூடம். நிரப்பும் குழாயை மேற்குச் சுவர்ப் பக்கம் மாற்றி வடக்கு நோக்கி விடட்டும், வலஞ்சுழி வரும். இரவு முழுக்க அசையாமல் வைத்துக் காலையில் திறந்து, எத்தனை நாள் எந்தப் பக்கம் என்று கொப்பியில் எழுதட்டும். ஆனால் குளத்துத் துருசடியில், அதாவது தண்ணீர் திறந்துவிடுகிற மதகடியில், வருகிற சுழியில் மட்டும் இறங்கிப் பார்க்கப் போக வேண்டாம். அங்கே ஆளை இழுப்பது சுழி அல்ல, அதற்குக் கீழே இருக்கிற தண்ணீரின் அழுத்தம். 10 அடி ஆழத்தில், ஒரு சதுர அடி வாயை ஒரு உடம்பு அடைத்துவிட்டால் அதன்மேல் ஏறத்தாழ 280 கிலோ எடை அழுத்தும். மேலேயிருந்து நாலு பேர் பிடித்து இழுத்தாலும் எடுக்க முடியாது. துருசை மூடினால்தான் ஆள் விடுபடும். துருசு திறந்திருக்கிற நாட்களில் அந்தப் பக்கம் குளிக்கவும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.