பழைய ஜீப்புக்கு வேறு எஞ்சின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எஞ்சின் மாற்றுவது பற்றியவை. வண்டியின் மாடல், ஆண்டு, ஆர்.சி.யில் உள்ள எரிபொருள் ஆகிய மூன்றையும் எழுதியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டேன். "ஜீப் வைத்திருக்கிறேன்" என்று மட்டும் எழுதியவர்கள் விவரத்தோடு மறுபடி எழுதட்டும்.

என்னிடம் இருப்பது மகிந்திரா எம்.எம்.540 ஜீப். பியூஜோ எஞ்சின் மேட்டில் இழுக்கவில்லை. ஸ்கார்ப்பியோவின் 2.2 எம்ஹாக் எஞ்சினை ஏற்றினால் தாங்குமா? (அம்பத்தூர்)

எஞ்சின் தாங்கும், வண்டி தாங்காது. உங்கள் பியூஜோ எக்ஸ்.டி.பி. எஞ்சின் 2,112 சி.சி., ஏறக்குறைய 60 குதிரைத்திறன். முறுக்குவிசை 120 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். எம்ஹாக்கின் முறுக்குவிசை 290. முதல் கியரில் நான்கு மடங்கு, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) லோவில் இரண்டரை மடங்கு, ஆக்சிலில் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 50 மடங்கு. இப்போது சக்கரங்களுக்குப் போவது 6,000 நியூட்டன் மீட்டர். எஞ்சினை மாற்றிய பிறகு 14,500. நெடுஞ்சாலையில் போகும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு சக்கரம் சேற்றில் மாட்டி, லோவில் கிளட்சைச் சட்டென்று விடும் நொடியில் ஆக்சில் ஷாஃப்ட் முறியும், அல்லது ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் வீல் பல் உதிரும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்சில், பிரேக் எல்லாவற்றையும் மாற்றத் தயாரா? அப்படியானால் அது எஞ்சின் மாற்றம் அல்ல, வேறு வண்டி கட்டுவது. அதற்கான செலவையும் அனுமதியையும் தனியாக யோசிக்க வேண்டும்.

முன்பு இழுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது ஏன் இழுக்கவில்லை என்று யாராவது பார்த்தார்களா? சிலிண்டரில் கம்ப்ரெஷன் (காற்று அமுங்கும் அழுத்தம்) போதுமா என்று பாருங்கள். டீசல் பம்ப்பையும் டீசலைத் தெளிக்கும் நாசிலையும் பெஞ்சில் ஏற்றிச் சோதியுங்கள். டீசல் லைனில் காற்று கசிகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கிளட்ச் நழுவுகிறதா என்று பாருங்கள். இத்தனையும் சரியாக இருந்தும் போதவில்லை என்றால், அதே பியூஜோ குடும்பத்தின் 2.5 லிட்டர் எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம். கூடுதல் பலம் கொஞ்சம்தான், ஆனால் மற்ற பாகங்கள் அதைத் தாங்கும்.

மைலேஜும் வேண்டும், பிக்கப்பும் வேண்டும். எந்த எஞ்சின் சிறந்தது? (வேளச்சேரி)

வண்டியின் பெயரே கடிதத்தில் இல்லை. பெயர், ஆண்டு, ஆர்.சி. நகல் மூன்றும் வரட்டும்.

1994 மாருதி ஜிப்சி வைத்திருக்கிறேன், பெட்ரோல் வண்டி. பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையில் நல்ல விலைக்கு ஒரு டர்போ டீசல் எஞ்சின் கிடைத்தது. வாங்கி வீட்டில் வைத்துவிட்டேன். ஆர்.டி.ஓ. வேலையை எப்படி முடிப்பது? (மாதவரம்)

இதே கடிதம் வெவ்வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எஞ்சின் வந்துவிட்டது, அனுமதி பற்றி இப்போதுதான் நினைவு வருகிறது. வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் அனுமதி, அடுத்தது பொருந்துமா என்ற அளவு, மூன்றாவதுதான் பணம்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படியுங்கள். உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை மறுபடியும் உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத்திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. "எல்லோரும் ஓட்டுகிறார்களே" என்று பட்டறையில் சொல்வார்கள். பட்டறைக்காரர் உங்களுக்குப் பதிலாக நீதிமன்றத்தில் நிற்கமாட்டார்.

அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை இன்ஷூரன்ஸ். பெட்ரோல் என்று ஆர்.சி. சொல்கிறது, வண்டிக்குள் டீசல் எஞ்சின் இருக்கிறது, எண்ணும் பொருந்தவில்லை. இந்த நிலையில் ஓர் ஆள் மீது வண்டி மோதினால், நிறுவனம் முதலில் கையில் எடுப்பது அந்த எஞ்சின் எண்ணைத்தான். இழப்பீட்டை உங்கள் வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலைகூட வரலாம். அடிபட்டவர் குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலையும். வண்டியைப் புதுப்பிக்கும் உற்சாகத்தில் இந்த இன்னொரு குடும்பத்தை யாரும் நினைப்பதில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இன்னொன்று, 15 ஆண்டு தாண்டிய வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அன்று ஆய்வாளர் பானெட்டைத் திறந்து எண்ணைப் பார்ப்பார். இத்தனை காலம் மறைத்தது அன்று வெளியே வரும்.

அடுத்து, அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது? எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டது, அந்த வண்டியின் ஆர்.சி. முறைப்படி ரத்தானதா, எஞ்சின் எண் எழுதிய பில் இருக்கிறதா? புதுப்பேட்டையில் பில்லோடும் விவரத்தோடும் விற்கிற நேர்மையான கடைக்காரர்கள் இருக்கிறார்கள். பில் கேட்டதும் விலை ஏறுகிறது என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். எண் பொறித்த இடம் சுரண்டியோ தேய்த்தோ இருந்தால் தொடவே வேண்டாம். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் காவல் நிலையத்தில் பதில் சொல்லப்போவது நீங்கள்.

பொருத்தும் வேலையைப் பார்ப்போம். உங்கள் ஜிப்சி 970 சி.சி., 45 குதிரைத்திறன், நான்கு கியர். அந்த கியர் பாக்ஸுக்கு டர்போ டீசலின் முறுக்குவிசை மிக அதிகம். கனமான எஞ்சினுக்கு முன் ஸ்பிரிங் தாழும், ஸ்டீயரிங் கனக்கும். டீசலுக்குத் திரும்பு குழாய் வேண்டும், டேங்கை உள்ளே சுத்தம் செய்ய வேண்டும். வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தில்) இயங்கி மிதியின் அழுத்தத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டர் இருந்தால் அது பெட்ரோல் எஞ்சினின் மேனிஃபோல்டிலிருந்து வேக்குவம் எடுக்கும். டீசலில் அது கிடைக்காது, தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். இதை மறந்து ஓட்டிப் பார்க்கிறவர் முதல் சிக்னலிலேயே பிரேக் மிதி கல்லாக நிற்பதை உணர்வார்.

என் யோசனை: எஞ்சினை பில்லோடு திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், கொஞ்சம் நஷ்டமானாலும் பரவாயில்லை. உங்கள் எஞ்சின் போய்விட்டது என்றால் அதே வகை எஞ்சினைத் தேடுங்கள். அதிக பலம் வேண்டுமென்றால் ஜிப்சி கிங்கின் 1.3 பெட்ரோல் எஞ்சினை, அதன் ஐந்து கியர் பாக்ஸோடு போடலாமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். எரிபொருள் மாறாது, நிறுவனம் மாறாது, கேட்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜிப்சி கிங் எம்.பி.எஃப்.ஐ. (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் மாடல்) வைத்திருக்கிறேன். பழைய பலேனோவின் 1.6 எஞ்சின் நேராக உட்காரும் என்கிறார்கள். உண்மையா? (பல்லாவரம்)

ஓரளவு உண்மை. இரண்டும் சுசூகியின் ஜி வரிசை எஞ்சின்கள் என்பதால் கியர் பாக்ஸோடு சேரும் முகம் ஒத்துப்போகும், அடாப்டர் பிளேட் (எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கும் இடைத்தட்டு) வேண்டாம். ஆனால் பலேனோவில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கிறது, ஜிப்சியில் நீளவாக்கில். ஆகவே சம்ப் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி), அதிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் இரண்டையும் ஜிப்சியிலிருந்து எடுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் முன் டிஃபரன்ஷியலில் இடிக்கும். எஞ்சினின் பின்பக்கம் ஃபயர்வாலில் முட்டுகிறதா, தண்ணீர்க் குழாய்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று டேப் வைத்து அளந்த பிறகு முடிவெடுங்கள். ஈ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங், சென்சார்கள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். மூன்று வண்டிகளின் வயரிங்கை ஒட்டுப்போட்டு ஓட்டினால் மழைக்காலம் முழுவதும் செக் எஞ்சின் விளக்கு எரியும். 80 குதிரைத்திறன் 90-க்குச் சற்று மேல் போகும், அவ்வளவுதான். மாற்றுமுன் அனுமதி, மாற்றியதும் ஆர்.சி.யில் எண். பழைய எஞ்சினை உடனே விற்றுவிடாதீர்கள்.

எஞ்சின் மாற்றிச் சில மாதங்களில் கியர் பாக்ஸில் ஊளைச் சத்தம். கிளட்சை மிதித்தால் நிற்கிறது. ஆயில் மாற்றினால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். (தாம்பரம்)

ஆயில் மாற்றினால் சரியாகாது. கிளட்சை மிதித்ததும் நிற்கிறது என்றால் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சினின் விசையை கியர் பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங் போயிருக்கிறது. அது ஏன் போனது என்பதுதான் உங்கள் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அடாப்டர் பிளேட் போட்ட வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்கின் மையமும் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும், பேரிங் அந்த அடியை வாங்கிச் சாகும். லேத் பட்டறையில் கண்ணால் பார்த்துத் துளை போட்டால் இந்த அளவு வராது. டயல் கேஜை (நுண்ணளவு காட்டும் கருவி) ஃப்ளைவீலில் பொருத்தி, கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கின் உள்வட்டத்தைச் சுற்றி அளக்க வேண்டும். பிளேட்டை டவல் பின் வைத்துப் பூட்ட வேண்டும். போல்ட்டை மட்டும் நம்பினால் பிளேட் நகரும். கிராங்க் முனையில், இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைப் போடாமலே மூடிய வண்டிகளை நான் திறந்திருக்கிறேன். அளக்காமல் புது பேரிங் போட்டால் அடுத்த பேரிங்குக்கும் பணம் எடுத்து வையுங்கள்.

கத்திப்பாரா நெரிசலில் நின்றால் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டோம், அப்படியும் குறையவில்லை. (திருவான்மியூர்)

ஓடும்போது இறங்குகிறது என்றால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டர்வரை வரும் கூடு) இருக்கிறதா? எஞ்சின் மாற்றும்போது முதலில் தூக்கி எறியப்படுவது அதுதான். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் ஃபேன் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். ஷ்ரவுட் செய்து போடுங்கள். தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மறுபடி போடுங்கள்: பல எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் பைபாஸ் வழி திறந்தே இருக்கும், சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். போர் தண்ணீர் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் மட்டும்தான். மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இதில் சிக்கனம் பார்த்தால் ஹெட் வளையும்.

அப்பாவின் பழைய சி.ஜே.3பி பெட்ரோல் ஜீப். மகிந்திரா டி.ஐ. டீசல் எஞ்சின் போட்டால் செலவு குறையுமா? (பெரம்பூர்)

மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டியில் எரிபொருளில் மிச்சம் பிடித்து மாற்றிய செலவை ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகும். ஆக்சில் விகிதத்தையும் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்கு வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) பாருங்கள். பெட்ரோல் ஜீப்பின் விகிதம் 5.38. அதில் டி.ஐ. எஞ்சினை 3,000 சுற்றில் ஓட்டினால் 75 கிலோமீட்டர் வேகம்தான் வரும். நிதானமான சுற்றில் 55. செங்கல்பட்டு போய்வருவதற்குள் காது அடைத்துவிடும்.

உங்கள் ஜீப்பில் இருக்கும் ஹரிக்கேன் எஞ்சினை ரீபோர் செய்து (சிலிண்டரைக் குடைந்து சீராக்கி), கிராங்க்கைக் கிரைண்டிங்குக்குக் கொடுத்து, வால்வு சீட்டுகளைச் சரிசெய்யுங்கள். அதில் இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும், ஆகவே அந்த எஞ்சினைப் பிரித்துப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். எண் மாறாது, எரிபொருள் மாறாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அப்பாவின் வண்டி அப்பாவின் எஞ்சினோடே ஓடட்டும்.

எக்ஸ்.டி.பி. எஞ்சினில் டர்போ மட்டும் சேர்க்கலாமா? (ஆவடி)

வேண்டாம். அந்த பிஸ்டனும் அந்த கம்ப்ரெஷன் விகிதமும் டர்போ அழுத்தித் திணிக்கும் கூடுதல் காற்றுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

எஞ்சின் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா? (கொரட்டூர்)

எம்.எம்.540-இல் காட்டாது. கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. டயர் அளவையோ ஆக்சில் விகிதத்தையோ மாற்றினால்தான் கணக்கு மாறும்.

மின்சார மோட்டார் போட்டுவிடலாமா? (அடையாறு)

உங்கள் மாடலுக்கென்று சோதனை அமைப்பு ஒப்புதல் அளித்த கிட் இருந்தால், ஒப்புதல் பெற்ற நிறுவனமே அதைப் பொருத்தித் தந்தால், ஆர்.சி.யில் எரிபொருளும் மாற்றப்பட்டால் போடலாம். பழைய நான்கு சக்கர இழுவை வண்டிக்கு அப்படியொரு கிட் இருக்கிறதா என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், ஒப்புதல் சான்றிதழைக் கையில் வாங்கி உங்கள் மாடலின் பெயர் அதில் இருக்கிறதா என்று படியுங்கள்.